113.3-இலிருந்து 2.13 வரை: பிஎஸ்எம்ஏ-617-ஐ மேலே கொண்டுவந்த எலிச் சோதனை

ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில், செலுத்திய மருந்தில் சுண்டெலியின் சிறுநீரகத்தில் இருந்தது கிராமுக்கு 113.3 விழுக்காடு. 24 மணி நேரத்தில் 2.13. ஹைடல்பர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த மார்ட்டினா பெனஷோவா, மத்தியாஸ் ஏடர் உள்ளிட்ட குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் எண்கள் இவை. அதில் சோதித்த மூலக்கூறின் பெயர் பிஎஸ்எம்ஏ-617. ஏழு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 23 அன்று, அது லுட்டீசியம்-177 என்ற கதிரியக்க உலோகத்தைச் சுமந்துகொண்டு, புளூவிக்டோ என்ற பெயரில் புராஸ்டேட் புற்றுநோய் மருந்தாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்றது.

விலங்குகளுக்குக் கதிரியக்க மருந்தைச் செலுத்திப் படமெடுக்கும் சேவை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, கறுப்புப் பின்னணியில் கட்டி மட்டும் கங்கு போல ஒளிரும் எலிப் படம். ஒரு மூலக்கூறை மேலே கொண்டுபோவதா, கைவிடுவதா என்ற முடிவுக்கு அந்தப் படம் மட்டும் போதாது. கட்டியில் ஒட்டும் மூலக்கூறுகள் எத்தனையோ உண்டு; ஒட்டியபின் சிறுநீரகத்தை விட்டு நேரத்தோடு கிளம்புபவைதான் குறைவு. அதைச் சொல்வது படத்தைவிட, அறுத்து எடுத்து எடைபோட்டு, கதிரியக்கத்தை எண்ணும் காமா கவுண்டரில் வைத்த சிறுநீரகம். மேலே சொன்ன இரண்டு எண்களும் அப்படி வந்தவைதான். இப்படிப்பட்ட எண்கள் எப்படிக் கிடைக்கின்றன, எங்கே பிசகும், எலி எதைச் சொல்லாமல் விட்டது என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். செலுத்தியதே நூறு விழுக்காடு என்றால் 113 எங்கிருந்து வந்தது? அளவு 'கிராமுக்கு' என்பதை மறந்தால் வரும் கேள்வி இது. சுண்டெலியின் இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். 0.35 கிராம் என்று வைத்தால், 113-ஐ 0.35-ஆல் பெருக்க, செலுத்திய மருந்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு அந்த நேரத்தில் சிறுநீரகத்தில் இருந்திருக்கிறது. சின்ன எண்ணல்ல. மறுநாள் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போயிருக்கிறது.

ஏன் புது மூலக்கூறு

பிஎஸ்எம்ஏ என்பது புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஒரு நொதி. அதன் செயலிடம் ஏறத்தாழ 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமுள்ள புனல். அடியில் இரண்டு துத்தநாக அயனிகள். குளூட்டமேட், யூரியா, லைசின் சேர்ந்த ஒரு சிறு துண்டு அந்த அடியில் போய்ப் பொருந்தும். ஹைடல்பர்க் குழு அதைக்கொண்டு முன்னரே பிஎஸ்எம்ஏ-11-ஐ உருவாக்கி, கேலியம்-68 என்ற கதிரியக்க உலோகத்தை ஏற்றி, 2011-இலேயே நோயாளிகளுக்கு பெட் ஸ்கேன் எடுக்கத் தொடங்கியிருந்தது. நோயைக் காட்டுவதில் அதற்குக் குறையில்லை. சிக்கல் அதன் உலோகப் பிடிப்பானில். ஹெச்பெட்-சிசி எனப்படும் அந்தப் பிடிப்பான் கேலியத்துக்கு அளவெடுத்துத் தைத்தது. சிகிச்சைக்கு வேண்டிய லுட்டீசியம்-177 அதில் நிற்காது. லுட்டீசியத்துக்கு டோட்டா என்ற வேறு பிடிப்பான் வேண்டும்.

பிடிப்பானைக் கழற்றி டோட்டாவை மாட்டினால் முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. ஹெச்பெட்-சிசி கொஞ்சம் கொழுப்பு நாட்டம் உள்ளது. புனலின் வாய்ப்பகுதியில் ஒட்டிக்கொள்ள அதுவும் கைகொடுத்துக்கொண்டிருந்தது. நீர் நாட்டமுள்ள டோட்டா அந்த உதவியைச் செய்யாது. ஆகவே இழந்ததை இடையில் உள்ள இணைப்புப் பகுதியில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. நாஃப்தைல் அலனைன் ஒன்றும், சைக்ளோஹெக்சேன் வளையமுள்ள ஒரு துண்டும் அங்கே வந்தன. எல்என்கேப் எனப்படும் புராஸ்டேட் புற்று உயிரணுக்களில் இதன் தடுப்பு மாறிலி (குறையக் குறையப் பிடிப்பு இறுக்கம்) 2.34 நானோமோலார் என்று பதிவானது. இணைப்பில் ஒரு வளையத்தை மாற்றினாலும் கட்டியில் சேர்வதும் சிறுநீரகத்தில் தங்குவதும் மாறும். அந்த மாற்றம் எந்தப் பக்கம் போகும் என்பதைக் காகிதத்தில் கணிக்க முடியாது, எலியில்தான் பார்க்க வேண்டும்.

லுட்டீசியம்-177-இன் அரை ஆயுள் 6.65 நாள். அதன் பீட்டா துகள் திசுவில் அதிகபட்சம் 2 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பாயும். கூடவே 113, 208 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் காமா கதிரும் வருவதால் அதே மருந்தை ஸ்பெக்ட் கருவியில் படமெடுக்கலாம். கேலியம்-68-க்கு அரை ஆயுள் வெறும் 68 நிமிடம். அதைக்கொண்டு 24 மணி நேர நிலவரத்தைப் பார்க்க வழியே இல்லை. ஒரு மணி நேரப் படத்துக்கு கேலியம், மறுநாள் கணக்குக்கு லுட்டீசியம் என்ற வேலைப் பிரிவு இதனால்தான்.

எல்என்கேப் என்னும் பிடிவாதக்காரன்

புராஸ்டேட் புற்றுநோய்க்கு எலியில் கட்டி வளர்க்க எல்என்கேப் அணுக்களைத்தான் பெரும்பாலும் எடுப்பார்கள். பிஎஸ்எம்ஏ அதில் இயற்கையாகவே நிறைய உண்டு. 1977-இல் ஒரு நோயாளியின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த உயிரணு வரிசை அது. வளர்ப்பதுதான் பாடு. தட்டில் சரியாக ஒட்டாது. ஊடகத்தை மாற்றும்போது கொஞ்சம் வேகமாக ஊற்றினாலே பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். எலியில் வெறும் அணுக்களைச் செலுத்தினால் பல எலிகளில் கட்டியே பிடிக்காது. ஒரு எலிக்கு 50 லட்சம் அணுக்கள், பாதிக்குப் பாதி மேட்ரிஜெல் என்ற தாங்கு கூழ், மொத்தம் 100 மைக்ரோலிட்டர் என்பது வழக்கமான அளவு. மேட்ரிஜெல் 4 டிகிரியில் திரவம், அறை வெப்பத்தில் கட்டியாகத் தொடங்கும். ஊசி, குழாய், முனை எல்லாவற்றையும் பனிக்கட்டியில் வைத்திருக்காவிட்டால் மூன்றாவது எலிக்குப் போகும்போதே ஊசி அடைத்துக்கொள்ளும். அதன்பின் அழுத்திச் செலுத்தினால் அணுக்கள் நசுங்கிச் சாகும்.

எலி ஆணாக இருக்க வேண்டும். இந்த அணுக்கள் ஆண் ஹார்மோனைச் சார்ந்தவை. கட்டி ஓரளவு வளர்ந்ததும் உள்ளே இரத்தம் கசிந்து நடுப்பகுதி அழுகிப்போவது எல்என்கேப்பின் குணம். அழுகிய பகுதிக்கும் எடை உண்டு, மருந்து மட்டும் அங்கே போவதில்லை. ஆகவே கிராம் கணக்கு கீழே இறங்கும். பிஎஸ்எம்ஏ-617 கட்டுரையில் 24 மணி நேரத்தில் கட்டியில் சேர்ந்த மருந்து கிராமுக்கு 10.58 விழுக்காடு, ஏற்ற இறக்கம் கூட்டியும் கழித்தும் 4.5 என்று இருந்தது. எல்என்கேப்பில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பரவல் வியப்பாக இராது. ஒரு நேரப் புள்ளிக்கு மூன்று எலிகள் போதும் என்று செலவைச் சுருக்கினால், இரண்டு மூலக்கூறுகளுக்கு இடையே உண்மையில் உள்ள வேறுபாட்டை இந்தப் பரவலே விழுங்கிவிடும். ஐந்துக்குக் குறைந்தால் எல்என்கேப் பக்கம் போகாமலிருப்பது நல்லது.

மாற்று வழியும் உண்டு. பிசி-3 என்ற அணுவில் பிஎஸ்எம்ஏ கிடையாது. அதில் மரபணுவை ஏற்றிய பிஐபி வகையை ஒரு தோளிலும், ஏற்றாத வகையை மறு தோளிலும் வளர்த்தால், ஒரே எலிக்குள் சோதனையும் ஒப்பீடும் வந்துவிடும். படம் அழகாக இருக்கும். ஆனால் பிஐபி-யில் பிஎஸ்எம்ஏ மிதமிஞ்சி இருப்பதால் சுமாரான மூலக்கூறும் சூரன் போலத் தெரியும். மூலக்கூறுகளைத் தரம்பிரிக்க எல்என்கேப், 'ஒட்டுகிறதா இல்லையா' என்று பார்க்க பிசி-3 இணை என்று பிரித்துக்கொள்வதே முறை.

கட்டியை எந்த இடத்தில் வளர்ப்பது என்பதையும் படமெடுப்பவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். விலாவின் பின்பகுதியில் வளர்த்துவிட்டு வந்தால், பக்கத்திலேயே பத்து மடங்கு கொதிக்கும் சிறுநீரகம் இருக்கும். கேலியம்-68-இன் பாசிட்ரான் நின்று மறையும் முன் திசுவில் சராசரியாகவே 3 மில்லிமீட்டரை ஒட்டி ஓடும். கருவியின் துல்லியம் 1 மில்லிமீட்டர் என்று விளம்பரத்தில் இருந்தாலும் இந்த ஓட்டத்தை அது ஒன்றும் செய்ய முடியாது. சிறுநீரகத்தின் வெளிச்சம் கட்டிக்குள் வழியும். தோள் பக்கம் வளர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

குப்பியில் இருப்பது என்ன

டோட்டாவில் லுட்டீசியத்தை ஏற்ற பிஹெச் 4-லிருந்து 5.5-க்குள் அசிட்டேட் அல்லது அஸ்கார்பேட் கரைசல், 95 டிகிரி சூடு, பத்துப் பதினைந்து நிமிடம். வேலை எளிது. கெடுப்பது உலோக மாசு. இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாம் டோட்டாவில் இடம்பிடிக்கப் போட்டிபோடும். கரைசலில் உலோகக் கரண்டி ஒருமுறை பட்டாலும் போதும், ஏற்றம் 99-லிருந்து 80-க்கு இறங்கிவிடும். சுத்தம் பார்க்க, கலவையைப் பிரித்துக் காட்டும் ஐடிஎல்சி பட்டையில் ஒரு துளி வைத்து சிட்ரேட் கரைசலில் ஓட்டுவார்கள். ஏறாத லுட்டீசியம் மேல் முனைக்கு ஓடும், ஏறியது தொடக்கத்திலேயே நிற்கும். 95 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எலிக்குப் போடக் கூடாது. தனித்த லுட்டீசியம் எலும்புக்குப் போகும், எலும்பில் நோய்ப்பரவல் தேடும் ஆய்வில் அது நேராகப் பொய் சொல்லும். பட்டை மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். கதிர்வீச்சால் மூலக்கூறே உடைந்திருந்தால், டோட்டாத் துண்டு லுட்டீசியத்தை விடாமல் பிடித்துக்கொண்டு தொடக்கத்திலேயே நின்று 'சுத்தம்' என்று காட்டிவிடும். மூலக்கூறுகளை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் ஹெச்பிஎல்சி கருவியில் ஓட்டினால்தான் அந்த உடைவு தெரியும். பிஎஸ்எம்ஏ-617 குறைந்தது 72 மணி நேரம் இந்த உடைவுக்குத் தாக்குப்பிடித்ததாகக் கட்டுரை சொல்கிறது; எல்லா மூலக்கூறும் அப்படி இராது.

இதைவிட மோசமான தவறு ஒன்று உண்டு. கணக்கில் கதிரியக்க அளவான மெகாபெக்கரலை எழுதிவிட்டு, கூடவே எத்தனை பிக்கோமோல் மூலக்கூறு போனது என்பதை எழுதாமல் விடுவது. பிஎஸ்எம்ஏ-617-இன் மூலக்கூறு எடை 1042. 100 பிக்கோமோல் என்றால் ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒன்று. இவ்வளவு சின்ன அளவிலேயே, கதிரியக்கம் ஏறாத மூலக்கூறுகள் கொஞ்சம் கூடினால் ஒட்ட வேண்டிய பிஎஸ்எம்ஏ-வில் இடம் நிரம்பிவிடும். இப்படிப் பாருங்கள். கேலியம்-68 ஏற்றிய ஒரே குப்பியிலிருந்து ஆறு எலிகளுக்கு வரிசையாக ஊசி. ஒவ்வொன்றுக்கும் 10 மெகாபெக்கரல் என்று திட்டம். முதல் எலிக்குப் போட்டு 68 நிமிடம் கழித்து ஆறாவது எலிக்குப் போடும்போது குப்பியின் கதிரியக்கம் பாதி. அதே 10 மெகாபெக்கரலுக்கு இரண்டு மடங்கு கரைசல் உறிஞ்ச வேண்டும்; மூலக்கூறும் இரண்டு மடங்கு போகும். ஆறாவது எலியின் சிறுநீரகம் குறைவாகத் தெரியும், 'இந்த எலியில் வெளியேற்றம் நன்றாக இருக்கிறது' என்று குறிப்பு எழுதுவோம். அது வெளியேற்றமே அல்ல, இடமின்மை. கதிரியக்கம் எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று மூலக்கூறு அளவை மாறாமல் வைத்து, குறையும் கதிரியக்கத்துக்குக் கருவியின் நேரத்தைக் கூட்டிக்கொள்வதுதான் வழி.

லுட்டீசியத்திலும் இதே விஷயம் வேறு உருவில் வரும். மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையில் லுட்டீசியம்-176-ஐ நியூட்ரானில் வைத்து எடுக்கும் லுட்டீசியத்தில் கதிரியக்கம் இல்லாத லுட்டீசியமும் கலந்தே வரும். இட்டெர்பியத்தின் வழியாகத் தயாராவதில் இந்தக் கலப்பு இல்லை. முதல் வகையில் ஒவ்வொரு மெகாபெக்கரலுக்கும் அதிக மூலக்கூறு செலவாகும். நோயாளிக்கு அது பெரிய வேறுபாடில்லாமல் போகலாம், 25 கிராம் எலிக்கு அப்படியல்ல. அத்துடன் முதல் வகையில் 160 நாள் அரை ஆயுளுள்ள லுட்டீசியம்-177எம் சிறிதளவு இருக்கும். எலியின் உடலையும் படுக்கைத் தூளையும் இரண்டு மாதம் வைத்திருந்து கொட்டிவிடலாம் என்று திட்டமிட்டவர்கள் கழிவு சேமிக்கும் அறையில் அளவுமானி அடங்காமல் இருப்பதைப் பார்த்து விழிப்பது இதனால்தான்.

வால், கடிகாரம், கவுண்டர்

வால் சிரையில் 100 முதல் 150 மைக்ரோலிட்டர். வாலை 40 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பான நீரில் வைத்தால் சிரை தெரியும். ஊசி நழுவி மருந்தில் ஒரு பங்கு வாலிலேயே தங்குவது எல்லா ஆய்வகத்திலும் நடக்கும். தவறு அதில் இல்லை, அதை எண்ணாமல் விடுவதில்தான். ஒரு கணக்கு: சிரிஞ்சில் போடுமுன் 10.40, போட்டபின் மிச்சம் 0.35, ஆக 10.05 மெகாபெக்கரல். வாலை அறுத்து அளந்தால் 1.60. உண்மையில் உடலுக்குள் போனது 8.45. கட்டியின் உண்மை அளவு கிராமுக்கு 10 விழுக்காடு என்றால், வாலைக் கழிக்காதவருக்கு 8.4 என்றே வரும். ஒரு குழுவில் இரண்டு எலிக்கு இப்படி ஆனால் மூலக்கூறுக்கே கெட்ட பெயர்.

கடிகாரம் அற்ப விஷயம் போலத் தோன்றும். ஊசிக்குமுன் மருந்தின் கதிரியக்கத்தை அளக்கும் டோஸ் கேலிபிரேட்டரின் கடிகாரமும் ஸ்கேனர் கணினியின் கடிகாரமும் ஏழு நிமிடம் பிசகியிருந்தால், கேலியம்-68-இல் எல்லா அளவும் 7 விழுக்காடு பிழையாகும். லுட்டீசியத்தில் இது ஒன்றுமே இல்லை. அதனால் லுட்டீசியத்தில் பழகிய ஆய்வகங்களில் கடிகாரத்தை யாரும் பார்ப்பதில்லை. கேலியம் வந்த அன்று மாட்டிக்கொள்கிறார்கள்.

மயக்க மருந்தும் எண்ணை மாற்றும். ஐசோஃபுளூரேன் 1.5 முதல் 2 விழுக்காட்டில் ஒரு மணி நேரம் படுத்திருக்கும் எலியின் சிறுநீரக இரத்த ஓட்டம் குறையும், சிறுநீர் மெதுவாகவே இறங்கும். ரோமமில்லாத எலி சூடுபடுக்கை இல்லாவிட்டால் பத்தே நிமிடத்தில் குளிர்ந்துபோகும், ஓட்டம் இன்னும் குறையும். ஒரு மூலக்கூறை மயக்கத்தில் வைத்துத் தொடர்ப்படமாகவும், இன்னொன்றை விழித்திருக்கவிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பத்து நிமிடப் படமாகவும் எடுத்து இரண்டின் சிறுநீரகத்தையும் ஒப்பிடுவது வீண்.

இனி கவுண்டர். கதிரியக்கம் கூடக்கூட எண்ணிக்கையும் அதே விகிதத்தில் கூடும் கருவியின் நேர்கோடு எங்கே முறிகிறது என்பது தெரியாமல் சிறுநீரகத்தை அதில் போடக் கூடாது. ஒரு மணி நேரத்தில் எடுத்த சிறுநீரகத்தில், 1 மெகாபெக்கரல் மட்டுமே செலுத்தியிருந்தாலும், இரண்டிலும் சேர்த்து 4 லட்சம் பெக்கரல் இருக்கும். காமா கவுண்டர்கள் பலவும் இந்த அளவில் மூச்சுமுட்டிக் குறைத்துக் காட்டும். மோசமான மூலக்கூறின் 180-உம் பரவாயில்லாத மூலக்கூறின் 110-உம் ஒரே 100 போல வந்து நிற்கும். தரம்பிரிக்க வேண்டிய இடத்திலேயே கருவி குருடாகிவிடும். லுட்டீசியம் என்றால் சிறுநீரகத்தைக் குழாயில் மூடி இரண்டு மூன்று வாரம் வைத்திருந்து மறுபடி எண்ணினால் போதும். அதே மருந்தில் நூற்றில் ஒரு பங்கை எடுத்து மூன்று குழாய்களில் நிறுத்தி வைத்த ஒப்பீட்டு மாதிரியையும் அன்றே கூட எண்ண வேண்டும்.

எதிர் முனையில் இரத்தம். பிஎஸ்எம்ஏ-617-க்கு 24 மணி நேரத்தில் கட்டி–இரத்த விகிதம் 1,058, கட்டி–தசை விகிதம் 529 என்று கட்டுரை சொல்கிறது. பார்த்தவுடன் மலைக்க வைக்கும் எண்கள். கட்டியின் 10.58-ஐ இவற்றால் வகுத்துப் பாருங்கள்: இரத்தத்தில் 0.01, தசையில் 0.02. அதாவது கீழே உள்ள எண், எழுதத்தக்க கடைசி இலக்கம். 1 மெகாபெக்கரல் செலுத்திய எலி என்றால், கிராமுக்கு 0.01 விழுக்காடு என்பது 100 பெக்கரல், 0.1 கிராம் இரத்த மாதிரியில் 10 பெக்கரல். லுட்டீசியத்தில் காமா கதிர் குறைவு, 208-இல் நூறு சிதைவுக்குப் பத்து, 113-இல் ஆறு. கருவியின் வெற்றுப் பின்னணிக்குப் பக்கத்தில்தான் அந்த மாதிரியின் துடிப்பு நிற்கும். இரத்தத்தில் மருந்து மிச்சமில்லை என்பது உறுதி, அது போதும். 1,058 என்ற எண்ணை வைத்துக்கொண்டு இன்னொரு மூலக்கூறின் 700-ஐவிட மேல் என்று வாதிடுவது பின்னணி இரைச்சலோடு வாதிடுவது.

சேவையை வாங்குபவர் கேட்க வேண்டியவை

ஆய்வுச் சேவை நிறுவனங்கள் கொடுக்கும் அறிக்கையில் படமும் பட்டை வரைபடமும் இருக்கும். முடிவெடுக்க அது போதாது. ஒவ்வொரு எலிக்கும் சிரிஞ்சின் முன், பின் அளவும் நேரமும், வாலின் அளவு, செலுத்திய பிக்கோமோல், அன்றைய பட்டை, ஹெச்பிஎல்சி ஓட்டம், உறுப்பின் ஈர எடை, திருத்தம் செய்யாத துடிப்பு எண்ணிக்கை ஆகியவை தனிக் கோப்பாக வர வேண்டும். எந்த எலியை விலக்கினார்கள், எந்த விதிப்படி என்பதும் வேண்டும். விதி ஆய்வுக்கு முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும். செலுத்தியதில் 10 விழுக்காட்டுக்கு மேல் வாலில் தங்கினால் விலக்கு என்பது போல. முடிவைப் பார்த்தபின் எழுதிய விதிக்கு மதிப்பில்லை.

பிஎஸ்எம்ஏ-வை அடைத்துக்கொள்ளும் 2-பிஎம்பிஏ என்ற தடுப்பானை மிகுதியாகச் சேர்த்துக் கொடுத்த ஒரு குழுவும் கட்டாயம். அதில் கட்டியின் எண்ணும் சிறுநீரகத்தின் எண்ணும் சேர்ந்து விழுந்தால், சிறுநீரகத்தில் இருப்பது பிஎஸ்எம்ஏ-வில் ஒட்டியது. கட்டி மட்டும் விழுந்து சிறுநீரகம் விழாவிட்டால், அது வடிகட்டலில் சிக்கியது, அதற்குத் தீர்வு வேறு. இந்தக் குழுவைச் செலவு என்று வெட்டுபவர்கள் பிறகு இணைப்புப் பகுதியில் எதை மாற்றுவது என்று தெரியாமல் நிற்பார்கள்.

நேரப் புள்ளிகளில் 1, 4, 24 மணியோடு நின்றுவிடுவதும் வழக்கமாகிவிட்டது. ஆறரை நாள் அரை ஆயுளுள்ள லுட்டீசியத்துக்குக் கட்டியின் கதிர்வீச்சு அளவில் பெரும்பங்கு அதற்குப் பிறகுதான் சேர்கிறது. 72, 168 மணி இல்லாத வளைவின் வாலை யாரோ ஊகித்து வரைந்திருப்பார்கள்.

எலி சொல்லாமல் விட்டது

விஷன் எனப்படும் மூன்றாம் கட்டச் சோதனையில் 831 நோயாளிகள் சேர்ந்தார்கள். ஆறு வாரத்துக்கு ஒருமுறை 7.4 கிகாபெக்கரல், நான்கு முதல் ஆறு சுற்று. மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15.3 மாதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு 11.3. எலி காட்டிய வழி சரியான வழிதான்.

ஆனால் மருந்துடன் வரும் விவரத்தாளில் உள்ள கதிர்வீச்சு அளவுகளை எலியின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு கிகாபெக்கரலுக்கு மனிதரின் கண்ணீர்ச் சுரப்பி வாங்குவது 2.1 கிரே (உறுப்பில் பதியும் கதிர்வீச்சின் அலகு), உமிழ்நீர்ச் சுரப்பி 0.63, சிறுநீரகம் 0.43. ஆறு சுற்று முடியும்போது முறையே 92, 28, 19 கிரே. எலியில் எல்லாவற்றுக்கும் மேலே நின்ற சிறுநீரகம் மனிதரில் இந்த இரண்டு சுரப்பிகளுக்கும் கீழே. எலியின் சிறுநீரகக் குழல்களில் பிஎஸ்எம்ஏ அளவுக்கு மீறி இருப்பதால், அந்த 113.3 மனிதருக்கான எச்சரிக்கையைப் பெரிதாக்கியே காட்டியது. அது பாதுகாப்பான பக்கம் பிசகிய பிழை. வெளியேறும் வேகத்தைப் பற்றி எலி சொன்னது நின்றது.

உமிழ்நீர்ச் சுரப்பியில் பிழை மறுபக்கம். எலியின் உமிழ்நீர்ச் சுரப்பி இந்த மூலக்கூறுகளை மனிதருடையது போல வாங்குவதில்லை. விஷன் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 38.8 விழுக்காட்டினருக்கு வாய் உலர்ந்தது. இதே மூலக்கூறில் ஆல்ஃபா துகள் விடும் ஆக்டினியம்-225-ஐ ஏற்றியபோது வாய் வறட்சியே மருந்தை நிறுத்த வேண்டிய காரணமாகச் சில நோயாளிகளுக்கு ஆனது. எத்தனை எலியை அறுத்திருந்தாலும் இது தெரிந்திராது.

இப்போது உறுப்புப் பட்டியலில் கீழ்த்தாடைச் சுரப்பியையும் கண்ணீர்ச் சுரப்பியையும் சேர்க்கச் சொல்பவர்கள் கூடியிருக்கிறார்கள். சேர்க்கலாம். அறுக்கும்போது கீழ்த்தாடைச் சுரப்பியோடு ஒட்டி வரும் நிணநீர்க் கணுவைப் பிரிக்க வேண்டும். கண்ணீர்ச் சுரப்பி சில மில்லிகிராம்தான் என்பதால் நான்கு இலக்கத் தராசில், ஈரம் உலருமுன் நிறுக்க வேண்டும். ஆனால் அங்கே வரும் சிறிய எண்ணை அறிக்கையின் 'பாதுகாப்பு' பத்தியில் போடக் கூடாது. 'இந்த விலங்கில் அறிய இயலாதவை' என்று தனியே ஒரு வரி திறந்து, அதன்கீழ் எழுத வேண்டும்.